ஒத்தைக் கால் பேலன்ஸ் ஷீட்!

போன மாதம் என் மருமகன் ஒற்றைக் காலில் நின்றான்.

'பைக் வாங்கித் தந்தால்தான் சாப்பிடுவேன்' என்று பிடிவாதமா என்று கேட்காதீர்கள். பேச்சு வழக்கில் சொல்கிற ஒற்றைக் கால் இல்லை சார், நிஜமாகவே ஒற்றைக் கால். அதுவும் ஏ.ஸி. ரூமில், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ஒரு மெஷின் மேல். பக்கத்தில் பர்ஸைக் கெட்டியாகப் பிடித்தபடி இரண்டு காலில் நின்றவன்... அடியேன்தான்.

மருமகன் என்றால் அக்கா பையன். ப்ளஸ் ஒன் படிக்கிறான். வயசு 16. உயரம் ஆறடிக்கு ரெண்டு இஞ்ச் கம்மி. சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் யார் வீட்டு ட்யூப் லைட் மாட்டவும் ஸ்டூல் தேவையில்லை, இவனைக் கூப்பிட்டால் போதும். வாலிபால் ஆடுகிறான். விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிற செலக்‌ஷன் வரப்போகிறது. அதில் தேறிவிட்டால் சாப்பாடு, படிப்பு, கோச்சிங் எல்லாம் ஒரே இடத்தில்.

"எதுக்கும் ஒரு பேலன்ஸ் டெஸ்ட் எடுத்துட்டு வந்துருங்க அண்ணாச்சி" என்றார் பி.டி. சார். "கணுக்கால் எப்ப பெரளும்னு முன்கூட்டியே சொல்லிருதாம். வெளியூர்ல எல்லாம் இப்ப அதைப் பாத்துட்டுத்தான் டீமுக்கே எடுக்காங்களாம்."

எனக்குக் கொஞ்சம் குழப்பம். பி.காம். படித்தவனுக்குத் தெரிந்த பேலன்ஸ் மொத்தம் இரண்டுதான். ஒன்று, ட்ரையல் பேலன்ஸ். அது எனக்குக் காலேஜில் கடைசிவரை டேலி ஆகவில்லை. இன்னொன்று, பேங்க் பேலன்ஸ். அது இன்றுவரை டேலி ஆகவில்லை. கணுக்காலுக்கும் ஒரு பேலன்ஸ் உண்டு என்பதே எனக்குப் புதுச் செய்தி.

ஆனால், பி.டி. சார் பயந்ததில் தப்பில்லை. வாலிபாலில் எதிரி அடிக்கிற ஸ்மாஷை விட எதிரியின் பாதம்தான் ஆபத்து. நெட் ஓரமாக எகிறி அடித்துவிட்டுக் கீழே வரும்போது, தரைக்குப் பதிலாக இன்னொருத்தன் பாதத்தில் இறங்கினால் தீர்ந்தது. கால் உள்பக்கமாக மடங்கி, கணுக்காலின் வெளிப்பக்கத் தசைநார் கிழிந்து, அரை மணி நேரத்தில் கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிடும். மருமகனுக்குப் போன வருஷம் இடது காலில் இதுதான் நடந்தது. எங்கள் ஆச்சி புளியும் உப்பும் கொதிக்க வைத்துப் பத்துப் போட்டாள். நாலாவது நாள் வீக்கம் வடிந்தது. ஐந்தாவது நாள் பயல் மறுபடி நெட்டுக்கு மேலே!

*

பஸ்ஸில் ரெண்டு மணி நேரம் நின்றுகொண்டே, பக்கத்துப் பெரிய ஊருக்குப் போனோம். அப்படி நின்று வந்தவர்களுக்குத் தனியாக ஒரு பேலன்ஸ் டெஸ்ட் எதற்கு என்று நான் கேட்டதை அங்கே யாரும் ரசிக்கவில்லை.

மெஷின் என்றதும் நான் ராக்கெட் அளவுக்கு எதிர்பார்த்தேன். பார்த்தால், ரேஷன் கடைத் தராசுத் தட்டைத் தட்டையாக்கித் தரையில் வைத்த மாதிரி ஒரு சதுரப் பலகை. அதன் மூலைகளில் எடையை உணரும் கருவிகள். மேலே ஒருத்தர் நின்றால், எந்த மூலையில் எவ்வளவு பாரம் விழுகிறது என்று ஒரு செகண்டுக்குப் பல தடவை கணக்கெடுத்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். நம் பாரமெல்லாம் சேர்ந்து விழுகிற அந்த ஒரே புள்ளி ஸ்க்ரீனில் ஊர்ந்துகொண்டே கோடு போடும். ஆடாமல் நின்றால் சின்னப் புள்ளிக் கோலம். ஆடினால் சிக்குக் கோலம். அவ்வளவுதான் தத்துவம்.

மருமகன் வலது காலில் நின்றான். கோடெல்லாம் பத்து ரூபாய்க் காசுக்குள் அடங்கிவிட்டது. இடது காலில் நின்றான். ஊத்தப்பம். கண்ணை மூடச் சொன்னார்கள். ஊத்தப்பம் கல்லை விட்டே வெளியே வழிந்தது.

பிஸியோதெரபி பெண், "அங்கிள், நீங்களும் ஏறிப் பாருங்களேன்... உங்களுக்கு ஃப்ரீ" என்றது. 36 வயசில் அங்கிள்! அந்த வார்த்தையிலேயே பாதி பேலன்ஸ் போய்விட்டது. மீதிப் பாதி மெஷினில் ஏறியதும் போனது. என் வலது கால் போட்ட கோட்டைப் பார்த்து மருமகன் சொன்னான்: "இடியாப்பம், மாமா."

ரிப்போர்ட் வந்தது. மருமகனின் இடது காலுக்கு நேராகச் சிவப்பு எழுத்தில், கட்டம் கட்டி, 'ஹை ரிஸ்க்'.

*

சார், ஒரு சின்னச் சிவப்பு எழுத்து ஒரு வீட்டை என்ன பாடு படுத்தும் என்று அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் கிரவுண்டுக்குப் போனேன். நெட்டுக்கு மேல் பந்தைப் பார்த்து எகிறுகிற பயல், எகிறும்போதே கீழே தரையைப் பார்க்கிறான். பாதி உயரம்தான் வருகிறது. பி.டி. சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நல்ல பையன்தான் அண்ணாச்சி. ஆனா, செலக்‌ஷன் நேரத்துல மடக்குனு போயிட்டா டீமே போயிரும். எதுக்கும் இன்னொரு பையனை ரெடி பண்ணி வைக்கேன்." அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குப் பன்னிரண்டு பையன்கள், பன்னிரண்டு கவலைகள்.

வீட்டில் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு முடிவு சொன்னாள். "வெளையாண்டது போதும்டா. பேசாம இவனையும் ஒன்னைய மாதிரி பி.காம். சேத்து விட்டுருவோம்."

'ஒன்னைய மாதிரி' என்றபோது மருமகன் முகத்தில் ஒரு பீதி வந்தது பாருங்கள்... அதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

ஏனென்றால், அந்த 'ஒன்னைய மாதிரி'க்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. எனக்கு 17 வயசிருக்கும்போது, டென்னிஸ் பால் மேட்சில் ஓடி வந்து பந்து போட்டவன் கால், பிட்ச் ஓரத்துக் குழியில் இறங்கியது. வலது கணுக்கால். அப்பா இதே வார்த்தையைத்தான் சொன்னார், "வெளையாண்டது போதும்." யாரும் மெஷினில் ஏற்றவில்லை, பயிற்சியும் கொடுக்கவில்லை. பத்து, கட்டு, அப்புறம் காமர்ஸ் குரூப். பந்து போடுவது அன்றோடு நின்றது. கால் பிரள்வது மட்டும் நிற்கவில்லை. இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில் பிளாட்பாரத்தை விட்டு இறங்கினால், வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது அந்த வலது கால் என்னைக் கவிழ்த்துவிடும். 'சனி பார்வை' என்று நினைத்திருந்தேன்.

*

நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் மூணு வருஷம் குப்பை கொட்டியவன். யாராவது ஒரு எண்ணை நீட்டினால், "வவுச்சர் எங்கே?" என்று கேட்டே பழக்கம். அந்தச் சிவப்பு எழுத்துக்கு வவுச்சர் தேடிப் படிக்க உட்கார்ந்தேன். படித்ததில் தேறியதைச் சொல்கிறேன். சுவாரஸ்யமாகத்தான் இருக்கிறது.

நாம் விழாமல் நிற்பதற்கு உடம்பில் மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள். கண், உள்காது, அப்புறம் தசையிலும் தசைநாரிலும் உட்கார்ந்திருக்கிற நரம்பு நுனிகள். கண்ணை மூடினால் ஒரு ஆள் லீவ். மற்ற ரெண்டு பேரும் ஒழுங்காக வேலை பார்க்கிறார்களா என்பது உடனே தெரிந்துவிடும். பெர்லினில் ராம்பெர்க் என்ற டாக்டர் 19-ம் நூற்றாண்டிலேயே நோயாளிகளைக் கால் சேர்த்து, கண் மூடி நிற்க வைத்துப் பார்த்தார். இன்றைக்கும் நரம்பு டாக்டர்கள் அவர் பெயரைச் சொல்லித்தான் அந்த டெஸ்ட்டை எடுக்கிறார்கள்.

1965-ல் ஃப்ரீமேன் என்ற ஆங்கிலேய டாக்டர் கணுக்காலுக்கு வந்தார். சுளுக்கு விழுந்த சிலருக்கு மட்டும் ஏன் திரும்பத் திரும்பக் கால் மடங்குகிறது? அவர் சொன்ன விளக்கம் இது: தசைநார் கிழியும்போது அதற்குள் இருக்கும் நரம்பு நுனிகளும் சேர்ந்து கெடுகின்றன. 'ஐயா, கால் மடங்குது' என்ற தகவல் மேலே போய்ச் சேருவதற்குள் கால் மடங்கியே விடுகிறது. நம் ஆபீஸ் டெஸ்பாட்ச் செக்‌ஷன் மாதிரி! மருந்தாக அவர் சொன்னது, ஆடுகிற பலகை மேல் நின்று பழகு என்பதுதான். அதைப் படித்ததும் என் பஸ் ஸ்டாண்ட் சனீஸ்வரனுக்கு மானசீகமாக மன்னிப்புக் கடிதம் எழுதினேன்.

1984-ல் ஸ்வீடனில் ட்ராப் என்பவரும் நண்பர்களும் ஃபுட்பால் வீரர்களைப் பலகையில் நிற்க வைத்து அளந்தார்கள். அதிகம் ஆடினவர்களுக்குப் பிற்பாடு கணுக்கால் அதிகம் போனது. 2000-ல் அமெரிக்காவில் மெக்கைன் குழு, பள்ளிக்கூட பாஸ்கெட்பால் பிள்ளைகள் 210 பேரை சீசனுக்கு முன்பே மெஷினில் ஏற்றிப் பார்த்தது. மோசமாக ஆடினவர்களுக்கு, நன்றாக நின்றவர்களைப் போலக் கிட்டத்தட்ட ஏழு மடங்கு சுளுக்கு!

ஏழு மடங்கு! எனக்கே வயிற்றைக் கலக்கியது. பிறகு 2006-ல் வந்த ஒரு ஆராய்ச்சியைப் பார்த்தேன். மெஷினே இல்லை. ஒரு காலைத் தூக்கி, கண்ணை மூடி, பத்து செகண்ட் நில் என்றார்கள். நிற்க முடியாதவர்களுக்கு ஆபத்து சுமார் இரண்டரை மடங்கு. அதாவது, நான் கொடுத்த 1,500 ரூபாய் ஃபீஸில் தெரிந்த சங்கதியின் ஒரு பங்கை, என் வீட்டுத் திண்ணையில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கலாம்.

சரி, அப்போ சிவப்பு எழுத்து உண்மைதானா? இங்கேதான் நம் பி.காம். மூளை முதல் தடவையாக வேலை செய்தது.

*

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 100 ஆட்டக்காரர்கள். ஒரு சீசனில் 10 பேருக்குக் கால் பிரள்கிறது. மெஷின் 30 பேருக்குச் சிவப்பு, 70 பேருக்குப் பச்சை கொடுக்கிறது. சிவப்பு 30-ல் 6 பேருக்குப் பிரள்கிறது. பச்சை 70-ல் 4 பேருக்கு. கணக்குப் போட்டால் சிவப்புக்காரனுக்கு ஆபத்து மூன்றரை மடங்கு. மெஷின் பொய் சொல்லவில்லை.

ஆனால், அதே பேரேட்டை மறுபக்கம் புரட்டுங்கள். சிவப்பு வாங்கிய 30 பேரில் 24 பேருக்கு ஒன்றுமே ஆகவில்லை! அந்த 24 பேரையும் பெஞ்சில் உட்கார வைத்தால் அது யார் பாவம்? பச்சை வாங்கி, 'நமக்கென்ன' என்று இருந்த 4 பேருக்குக் கால் போனதே, அதற்கு யார் பொறுப்பு?

'மடங்கு' வேறு, 'மடங்குது' வேறு சார். கும்பலாகப் பார்த்தால் மெஷின் சொல்வது சரி. தனியாக ஒரு பையனைக் காட்டி, 'இவன் கால் போகும்' என்று அதால் சொல்ல முடியாது.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. நார்வேயில் ரோல்ட் பார் என்று ஒரு பேராசிரியர். விளையாட்டுக் காயங்களைத் தடுப்பதில் பெரிய கை. இப்படி முன்கூட்டியே சோதித்து ஆளைப் பிரிக்கிற டெஸ்ட்டுகள் பலிப்பதில்லை, அநேகமாகப் பலிக்கவும் போவதில்லை என்று 2016-ல் தலைப்பிலேயே போட்டு ஒரு கட்டுரை எழுதினார். விளையாட்டு டாக்டர்கள் மத்தியில் பெரிய வாக்குவாதம் கிளம்பியது.

நினைத்துப் பார்த்தால் நமக்கே தெரியும். 2005 ஆஷஸில் எட்ஜ்பாஸ்டன் டெஸ்ட். காலையில் மேட்ச் தொடங்கும் முன், தரையில் கிடந்த பந்தை மிதித்துக் கணுக்கால் பிரண்டு வெளியே போனார் மெக்ராத். ஆஸ்திரேலியா 2 ரன்னில் தோற்றது. 2023 உலகக் கோப்பையில், புனேயில், தான் போட்ட பந்தைத் தானே காலால் தடுக்கப் போய் ஹர்திக் பாண்டியா கணுக்காலோடு போட்டித் தொடரையும் விட்டார். வழியில் ஒரு பந்து கிடக்கும் என்று எந்தப் பலகைக்குத் தெரியும்?

"அப்போ சும்மா இருக்கச் சொல்றியா?" என்றாள் அக்கா.

இல்லை. அங்கேதான் அந்த பார் அவர்களின் அழகு. அவரும் கூட்டாளிகளும் நார்வே வாலிபால் வீரர்களுக்கு, இறங்குவது எப்படி என்ற பயிற்சி, ஏற்கெனவே சுளுக்கியவர்களுக்கு ஆடுபலகைப் பயிற்சி என்று ஒரு திட்டம் கொடுத்துப் பார்த்தார்கள். 1997-ல் வந்த முடிவு: கணுக்கால் சுளுக்கு பாதியாகக் குறைந்தது. மெக்கைனும் 2006-ல் 765 பள்ளிப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தார். ஒற்றைக் கால், ஆடுபலகைப் பயிற்சி எடுத்தவர்களுக்குச் சுளுக்கு ஆபத்து 38 சதவிகிதம் குறைவு.

விஷயம் புரிகிறதா? ஆளைப் பிரிக்கிற டெஸ்ட்டும் ஒற்றைக் காலில் நிற்பதுதான். ஆளைக் காப்பாற்றுகிற மருந்தும் ஒற்றைக் காலில் நிற்பதுதான்! மருந்து காசில்லாமல் கிடைக்கிறபோது, யாருக்குக் கொடுப்பது, யாரை விடுவது என்று லிஸ்ட் எதற்கு?

காமர்ஸ் மாணவர்களுக்கு ஞாபகம் இருக்கும், வாரா ஐயக்கடன் ஒதுக்கு. கடன்காரர்களில் எவன் ஓடுவான் என்று எந்த முதலாளிக்கும் தெரியாது. அதற்காக முகத்தில் முழி சரியில்லாதவனுக்கெல்லாம் சரக்கு கொடுக்காமல் இருந்தால் கடையை மூட வேண்டியதுதான். மொத்தக் கடனுக்கும் சேர்த்து இத்தனை சதவிகிதம் என்று ஒதுக்கிவிட்டு வியாபாரத்தைப் பார்ப்பார். கணுக்காலுக்கும் அதே சட்டம். எல்லோருக்கும் ஒதுக்கு. ஏற்கெனவே ஒருமுறை ஓடிய கடனுக்குக் கொஞ்சம் கூடுதல் ஒதுக்கு. பழைய சுளுக்குதான் அடுத்த சுளுக்குக்குப் பெரிய முன்னறிவிப்பு என்று பல ஆராய்ச்சிகள் சொல்கின்றன. மருமகன் போன வருஷம் அஞ்சாம் நாளே எகிறினான் பாருங்கள், அந்த வவுச்சர்தான் மெஷினில் சிவப்பாக விழுந்திருக்கிறது.

*

இதையெல்லாம் ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டு பி.டி. சாரிடம் போனேன். நல்ல மனுஷர். முழுக்கக் கேட்டார். கடைசியில், "நம்ம காலத்துல ஹோம்வொர்க் எழுதலேன்னா பெஞ்சு மேல ஒத்தைக் கால்ல நிப்பாட்டுவாங்களே, அது வைத்தியம்னு தெரியாமலே செஞ்சிருக்காங்கல்லா?" என்றார். எனக்கு நியாயமாக இரண்டு காலும் இரும்பாகி இருக்க வேண்டும்!

மறுநாளிலிருந்து பன்னிரண்டு பையன்களுக்கும் சேர்த்து, ஆட்டத்துக்கு முன் பத்து நிமிஷம். கால் மாற்றிக் கால் முப்பது செகண்ட். அது பழகியதும் கண்ணை மூடி. பிறகு ஒற்றைக் காலில் நின்றபடி பந்தைப் போட்டுப் பிடிக்க வேண்டும். எகிறி இறங்கினால் இறங்கின இடத்திலேயே ஆடாமல் நிற்க வேண்டும். மருமகனுக்கு மட்டும் வீட்டில் இன்னொரு பத்து நிமிஷம், மடித்த தலையணை மேல். இரண்டாவது பையனை ரெடி பண்ணும் திட்டத்தை பி.டி. சார் அப்புறம் எடுக்கவில்லை.

ஆச்சிக்கு மட்டும் இதில் ஆச்சரியமே இல்லை. "இதுக்கா வெளியூர் போனீக? நம்ம அம்மன் என்னத்தைச் செஞ்சா?" என்றாள்.

வெளியூர் வாசகர்களுக்கு: சிவன் பெரியவரா, விஷ்ணு பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்களுக்குள் வாக்குவாதம். இரண்டு பேரும் ஒன்றுதான் என்று உலகத்துக்குக் காட்டச் சொல்லி, கோமதி அம்மன் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்தாள். சங்கரநாராயணராகக் காட்சி கிடைத்தது. அதுதான் எங்கள் ஊர் ஆடித் தபசு. கொடியேறிய பிறகு கோவிலைச் சுற்றிச் சுற்றி ஜனங்கள் 'ஆடிச்சுற்று' போவார்கள். நூறு சுற்று தாண்டிப் போகிறவர்கள் உண்டு. நின்றுகொண்டே இருக்கிற அம்மனின் கால்வலியை நாமும் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறோம் என்பது நம்பிக்கை. இன்னொருத்தர் கால்வலியைப் பங்கு போட்டுக்கொள்ள ஒரு ஊரே நடக்கிறது சார். ஒரு பையனின் கால்வலிக்காக மற்ற பதினொரு பையன்களும் கூடவே ஒற்றைக் காலில் நின்றதைப் பார்த்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

நேற்று மருமகன் கேட்டான். "மாமா, செலக்‌ஷன்ல கால் பெரளாதுல்லா?"

"தெரியாது மருமகனே. எந்த மெஷினுக்கும் தெரியாது. ஆனா, போன மாசத்தை விட இப்ப நீ நல்லா நிக்கே. அது எனக்குத் தெரியும்."

சிரித்தான். சாயங்காலம் கிரவுண்டில் பார்த்தேன். எகிறும்போது பயல் பந்தைப் பார்க்கிறான்.

*

ஆபீஸில் எட்டு மணி நேரம் நாற்காலியைத் தேய்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் டெண்டுல்கராகிற நண்பர்களே, உங்களுக்கும்தான் இது. பல் தேய்க்கும்போது மேல்பல்லுக்கு ஒரு கால், கீழ்ப்பல்லுக்கு ஒரு கால். பக்கத்தில் சுவர் இருக்கட்டும், ஈரத்தரை வேண்டாம். புதுசாகச் சுளுக்கி, நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை, எலும்பைத் தொட்டாலே வலிக்கிறது என்றால் வீரம் காட்டாமல் எக்ஸ்ரேக்குப் போங்கள். வீக்கம் வடிந்துவிட்டது என்பதற்காகக் கால் சரியாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். அப்படி எண்ணின ஒரு ஃபாஸ்ட் பௌலர்தான் உங்களுக்குப் பத்தி எழுதிக்கொண்டிருக்கிறான்.

நானும் பத்தொன்பது வருஷம் லேட்டாக ஆரம்பித்துவிட்டேன். தினமும் காலையில் முற்றத்தில், வலது காலில், கண்ணை மூடி. இன்றைக்கு ஏழு செகண்ட் தாண்டிவிட்டது.

"அம்மன் நின்னா, சாமி காட்சி குடுத்தாரு. நீ நின்னா யாருடே வருவா?" என்றாள் ஆச்சி.

எட்டாவது செகண்டில் வாசலில் சைக்கிள் மணி அடித்தது. பால்காரர்.

"அண்ணாச்சி... போன மாசப் பேலன்ஸ் இருக்கு!"

விழுந்துவிட்டேன்.